நடுவில் ஒரு ‘க்’

ஜூலை 12, சனி

மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. கனியின் ரத்தப் பரிசோதனை முடிவு நன்றாக இருக்கிறதாம். மூட்டு வாதத்துக்காக ஒன்றரை வருஷமாகத் தினம் ஒன்று விழுங்கிவந்த அந்த வெள்ளை மாத்திரையை இனிக் குறைக்கலாமாம். அந்த மாத்திரையால் வலி போனது உண்மைதான். ஆனால் முகம் பன் மாதிரி உப்பிப்போய், அவள் கண்ணாடி முன்னால் நிற்பதையே விட்டுவிட்டாள். விஷயத்தைச் சொன்னதும் அடுப்பிலிருந்த ரசத்தை அப்படியே விட்டுவிட்டுப் போய்க் கண்ணாடியைப் பார்த்தாள். ரசம் பொங்கி வழிந்துவிட்டது. அடுப்பைத் துடைத்தது நான்.

பக்கத்து அச்சகத்தில் ஆடிப் பதினெட்டுக்கு வெளியிட வேண்டிய காலண்டர் மாதிரி ஆல்பம் அச்சாகிறது. சுவரே அதிர்கிறது. அந்தச் சத்தத்திலும் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, நர்ஸ் எஸ்தர் சொன்னதை ஒரு சொல் விடாமல் கேட்டேன். மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

“மாத்திரையை அரை கால்னு குறைச்சுட்டே வாங்க சார். கையில பதினஞ்சு இருக்குல்ல, ஒரு மாசத்துக்கு அது போதும். ஒரேயடியா மட்டும் நிறுத்திறாதீங்க.”

எழுதிவிட்டுப் பார்த்தால், ‘அரை கால்’ என்று இருக்கிறது. சிவகாசியில் முப்பது வருஷம் பிழை திருத்தியவன் சொந்த டைரியில் ஒற்றெழுத்தை விடலாமா? இரண்டு சொல்லுக்கும் நடுவே கூரை மாதிரிக் குறி போட்டு, மேலே ‘க்’ எழுதிவிட்டேன். அரைக்கால். காலில் பாதி, எட்டில் ஒன்று. இந்தக் காலத்துப் பெண் ஒருத்திக்கு இந்தச் சொல் தெரிந்திருக்கிறதே என்று சந்தோஷமாக இருந்தது.

ஆனால் கணக்கு வரவில்லை அவளுக்கு. பதினைந்தை அரைக்காலால் வகுத்தால் நூற்றிருபது. நாலு மாசத்துக்கு வரும். ஒரு மாசத்துக்குப் போதும் என்கிறாள். பின்னத்தால் வகுத்தால் எண் கூடும் என்பது நம் ஊரில் யார் மண்டையிலும் ஏறுவதில்லை.

ஜூலை 13, ஞாயிறு

மிளகு அளவு மாத்திரையை எட்டாக வெட்டுவது லேசான வேலை இல்லை. அச்சு பிலிமில் பிழையான எழுத்தைச் சுரண்டுவதற்கு வைத்திருந்த பழைய பிளேடைத் தேடி எடுத்து, வெந்நீரில் கழுவினேன். முதலில் இரண்டு, பிறகு நாலு, பிறகு எட்டு. கடைசி வெட்டில் பாதி பொடியாகிவிட்டது. பொடியைத் தாளில் தட்டிச் சேர்த்து, தேனில் குழைத்துக் கொடுத்தேன்.

“இதை முழுங்கணுமா, மோந்து பாத்தாப் போதுமா?” என்று கேட்டாள்.

நூற்றிருபது கணக்கை அவளுக்கும் சொன்னேன். நம்பவில்லை. வகுத்தால் குறையத்தானே செய்யும், எப்படிக் கூடும் என்று சாதித்தாள். கூடையிலிருந்து மூன்று கொய்யாப்பழத்தை எடுத்து வைத்து, இந்த மூன்றையும் காலால் வகு என்றேன். குனிந்து தன் பாதத்தைப் பார்த்தாள்.

“காலால எதுக்கு வகுக்கணும்? கத்திதான் இருக்கே.”

முப்பத்தாறு வருஷமாக இந்த வாயோடு குடித்தனம் நடத்துகிறேன். கடைசியில் அவளே ஒவ்வொரு பழத்தையும் கால் காலாக வெட்டி எண்ணினாள். பன்னிரண்டு. ஒரு துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எண்ணிக்கை கூடியது சரி, துண்டு சின்னதாகிவிட்டதே, அதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள் என்று கேட்டாள். எத்தனை துண்டு என்பதுதான் கேள்வி, துண்டு எவ்வளவு பெரிசு என்று கணக்கு கேட்கவில்லை என்றேன். கொய்யா நன்றாக இனித்தது.

ஜூலை 15, செவ்வாய்

மாத்திரை கொடுத்தாயிற்று. தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. மெக்கானிக் நாளை வருகிறானாம். போன வாரமும் நாளைதான் வருவதாக இருந்தான்.

ஜூலை 17, வியாழன்

அடுத்த வருஷத்துத் தினசரிக் காலண்டரின் ப்ரூஃப் வந்தது. வேலையை விட்டு வந்த பிறகும் தாள்களை வீட்டுக்கே அனுப்பிவிடுகிறார்கள். மார்ச் வரை பார்த்தேன். ஒரு தாளின் பின்பக்கத்துக் குட்டிக் கதையில் ‘மன்னர் தந்த பெட்டி’ என்று வருகிறது. மன்னர் கொடுத்த பெட்டியா, மன்னருடைய தந்தப் பெட்டியா? கதைக்கு இரண்டும் பொருந்துகிறது. கை ‘ப்’ போடப் போய்விட்டது. நிறுத்திக்கொண்டு, ஓரத்தில் கேள்விக்குறி மட்டும் போட்டேன். வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கெல்லாம் முதல் நாளே நான் சொல்வது இதுதான். பொருள் மாறும் என்றால் நீயாகத் திருத்தாதே, ஓரத்தில் கேள்விக்குறி போடு, எழுதியவரைக் கேள்.

கனியின் பெயரே இந்த ஒற்றால் அடிபடுகிற பெயர். மாரிக்கனி. ரேஷன் கார்டில் மாரிகனி, ஆதாரில் மாரிகனி, காஸ் புக்கில் மாரிகனி. தாலுகா ஆபீசுக்கு நான் நடந்ததில் செருப்புதான் தேய்ந்தது. க் இல்லாவிட்டால் அரிசி போடமாட்டோம் என்றா சொன்னார்கள் என்பாள் அவள். எங்கே அந்தப் பெயரைப் பார்த்தாலும் பேனாவை எடுத்து ‘க்’ போடாமல் என்னால் நகர முடியாது.

மத்தியானம் தூங்கினாள். பகலில் தூங்குகிறவள் இல்லை.

ஜூலை 20, ஞாயிறு

கன்னம் கொஞ்சம் வடிந்திருக்கிறது. இன்றைக்கு அவளே சொன்னாள். பழைய ஜாக்கெட்டுகளை இறக்கிப் போட்டுப் பார்க்க வேண்டும் என்றாள். பரணில் ஏறி நான் பெட்டியை இறக்கினேன். அதற்குள் படுத்துவிட்டாள், நாளைக்குப் பார்க்கலாம் என்று.

காலையில் எழுந்தால் கட்டிலிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருக்கிறாள். தோசை நான் ஊற்றினேன். ஒன்றுகூட வட்டமாக வரவில்லை. பாதி தோசை சாப்பிட்டாள். ஒன்றரை வருஷமாக அந்த மாத்திரையின் முறுக்கில் ஓடிய உடம்பு, இப்போது ஓய்வு கேட்கிறது. அவ்வளவுதான்.

ஜூலை 22, செவ்வாய்

வாந்தி. நேற்றைய மீன் குழம்பாக இருக்கும். எனக்கு ஒன்றும் செய்யவில்லை, ஆனால் எனக்குக் கல்லைத் தின்றாலும் செரிக்கும்.

மாத்திரை வெட்டுவதில் கை தேர்ந்துவிட்டது. இரண்டாவது மாத்திரை பொடியாகவே இல்லை. எட்டுத் துண்டும் எட்டுத் துண்டாக நிற்கின்றன. அவளிடம் காட்டினேன். நல்லாருக்கு என்றாள். வேறு ஒன்றும் கிண்டலாகச் சொல்லவில்லை.

ஜூலை 23, புதன்

சமையலறையில் எழுந்து நின்றவளுக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்து, அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சிவகாசி வெயில். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து உப்புப் போட்டுக் கொடுத்தேன். இன்னும் உப்புப் போடுங்க என்று வாங்கிக் குடித்தாள். ஊறுகாய் ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு விரலால் வழித்து வழித்துத் தின்கிறாள். இந்த வயசில் என்னடி மசக்கை என்று கேட்டேன். சிரிக்கப் பார்த்தாள்.

மெக்கானிக் வந்து மோட்டாரைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போய்விட்டான்.

ஜூலை 24, வியாழன்

கோயம்புத்தூரிலிருந்து பொன்செல்வி பேசினாள். அம்மா குரலே சரியில்லையே, டாக்டரைக் கேட்டீர்களா என்று மகள் என்னைக் குறுக்கு விசாரணை செய்கிறாள். எஸ்தர் சொன்னதைக் கூடாமல் குறையாமல் செய்துகொண்டிருக்கிறேன். இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? கனியும் வேண்டாம் என்கிறாள். கேட்டால் திரும்பத் தினம் ஒரு மாத்திரை ஆக்கிவிடுவார்கள், மறுபடி முகம் ஊதும் என்று பயப்படுகிறாள்.

அவளுக்காகத்தான் நான் கேட்கவில்லை.

ஜூலை 26, சனி

ராத்திரியிலிருந்து காய்ச்சல். கஞ்சி இறங்கவில்லை. ப்ரூஃபில் ஜூன் மாதத்து ஒரே தாளை நாலு தடவை படித்தேன், ஒரு பிழையும் கண்ணில் படவில்லை. அஞ்சாவது தடவை பார்த்தால் ‘வெள்ளி’யில் ஒரு புள்ளியே இல்லை. இப்படி எனக்கு ஆனதில்லை. கூப்பிட்டால் கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரும்பிப் பார்க்கிறாள். பயமாக இருக்கிறது. நாளைக் காலையில் மதுரைக்குப் போய்விட வேண்டும்.

ஜூலை 27, ஞாயிறு

காலையில் எழுப்பினேன். கண்ணைத் திறந்தாள், பதில் இல்லை. உடம்பு சில்லென்று வேர்த்திருந்தது. 108-க்குப் போன் செய்தேன். மதுரைக்கு வந்துவிட்டோம். உள்ளே வைத்திருக்கிறார்கள்.

ஜூலை 28, திங்கள்

உயிருக்கு ஆபத்து இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இந்த ஒரு வரியை எழுதத்தான் இன்றைக்குப் பையிலிருந்து டைரியை எடுத்தேன்.

மற்றதையும் எழுதுகிறேன்.

ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஒரேயடியாக இறங்கிப்போயிருந்தன. நேற்றே ஊசி போட்டார்கள், பாட்டில் ஏற்றினார்கள். ராத்திரி கண் விழித்துத் தண்ணீர் கேட்டாளாம். இன்று காலையில் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, வெள்ளை மாத்திரையை நிறுத்திவிட்டீர்களா என்று கேட்டார். ஒரு நாள்கூட விடவில்லை என்றேன். எத்தனை மிச்சம் இருக்கிறது என்றார். அது எனக்கு விரல்நுனியில். பதின்மூன்றே கால் என்றேன்.

“எட்டுதானே இருக்கணும்?”

அதெப்படி எட்டு? தினம் அரைக்கால் என்றால் என்று ஆரம்பித்தேன். அவருக்கு அந்தச் சொல் தெரியவில்லை. காலில் பாதி, எட்டில் ஒன்று என்று விளக்கினேன். எஸ்தர் சொன்னதையும் சொன்னேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அப்போதும் நான் விடவில்லை. பதினைந்தை அரைக்காலால் வகுத்தால் நூற்றிருபது டாக்டர், அந்தப் பெண்தான் ஒரு மாசம் என்று தப்பாக, என்று சொல்லிக்கொண்டே வந்தவனுக்கு, அந்த இடத்தில், வாக்கியத்தின் நடுவில், இன்னொரு வகுத்தல் மனசில் ஓடியது. பதினைந்தை அரையால் வகுத்தால் முப்பது.

முப்பது. ஒரு மாசம்.

முதலில் அரை. அதற்கப்புறம் கால். அதைத்தான் அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள்.

இவ்வளவு நாள் வெளியிலிருந்து மாத்திரை கிடைத்ததால் உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதை மறந்துபோயிருக்கும், அதனால்தான் படிப்படியாக இறக்க வேண்டும் என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். நாங்களும் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். நான் மாடியிலிருந்து அவளை ஒரே தள்ளாகத் தள்ளியிருக்கிறேன். கையில் பிளேடையும் தேனையும் வைத்துக்கொண்டு.

ஜூலை 29, செவ்வாய்

ஜூலை 12-ஆம் தேதிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். கேட்டதைக் கேட்டபடியே எழுதியிருக்கிறேன். அரை கால். ஒற்றில்லாமல். மெஷின் சத்தத்தைச் சொல்லித் தப்பிக்கக்கூட வழியில்லை. காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. கைதான் திருத்தியிருக்கிறது.

எஸ்தர் வந்து அழுதாள். நான் நிறுத்திச் சொல்லியிருக்கணும் சார் என்றாள். நீ சரியாகத்தான் சொன்னாய் அம்மா, பதினைந்து மாத்திரை ஒரு மாசத்துக்கு என்று கணக்கைக்கூடச் சொன்னாய் என்றேன். அந்தக் கணக்கைப் பார்த்து நான் சிரித்தேன் என்பதைச் சொல்ல வாய் வரவில்லை. தந்தப் பெட்டிக்குக் கேள்விக்குறி போட்டவன், கட்டின மனைவிக்குப் போடவில்லை. பதினைந்து நூற்றிருபதாகப் பெருகுவதைப் பார்த்து நான் பூரித்துக்கொண்டிருந்தேன். சுருங்கிய துண்டை அவள் விழுங்கிக்கொண்டிருந்தாள். அதை அவள் முதல் நாளே கொய்யாவை வைத்துக் கேட்டாள்.

கனிக்கு இன்னும் தெரியாது. காய்ச்சலால் வந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். வயசாகிவிட்டது, இனிமேல் வீட்டு வேலைக்கு ஆள் வைக்க வேண்டும் என்று இன்றைக்கு என்னிடம் சொன்னாள். சரி என்றேன்.

ஜூலை 30, புதன்

சொல்லிவிட்டேன். வார்டில் சாப்பாடு வந்து போன பிறகு, ஜூலை 12-ஆம் தேதிப் பக்கத்தை அவள் கையிலேயே கொடுத்தேன். படித்தாள். கூரைக்குறியையும் மேலே இருந்த ‘க்’கையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். புரிந்துவிட்டது.

டைரியை மூடி என்னிடம் திருப்பித் தந்தாள். பிறகு, “அந்தப் புள்ள ஒரு மாசத்துக்கு வரும்னு சொல்லிச்சுல்ல. நீங்க நாலு மாசம்னு சிரிச்சீங்க” என்றாள்.

ஆமாம் என்றேன்.

“அப்பயே ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்ல?”

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சாயங்காலம் மோர் கொடுத்தபோது, உப்புப் போடுங்க என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

ஜூலை 31, வியாழன்

பேசவில்லை. திட்டினால் தேவலை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

மோட்டார் சரியாகிவிட்டதா என்று கேட்டாள். இல்லை என்றேன். அந்த மெக்கானிக்கையும் நீங்கள் ஒரு போன் போட்டுக் கேட்கவில்லையா என்றாள். வராந்தாவுக்குப் போய் அவனுக்குப் போன் போட்டேன். கொஞ்சம் அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

ஆகஸ்ட் 2, சனி

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுபடி தினம் ஒன்று, முகம் உப்பினால் உப்பட்டும். அடுத்த மாதத்திலிருந்து குறைக்க வேண்டும். இந்தத் தடவை எஸ்தர் தாளில் எழுதிக்கொண்டு வந்து, வாயாலும் சொன்னாள். நான் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கேட்டேன். அரை என்றால் ஒன்றில் பாதியா? ஆமா சார். அது ஒரு மாசமா? ஆமா சார். அதற்கு எத்தனை மாத்திரை? பதினஞ்சு சார். பதினைந்தை அரையால் வகுத்தால் முப்பது, சரியாக வருகிறது. கால் அதற்கு அடுத்த மாசம்தானே, நடுவில் ஒன்றும் இல்லையே? எஸ்தர் கனியைப் பார்த்தாள். கனி கூரையைப் பார்த்தாள்.

வாடகைக் காரில் ஏறிய பிறகு மருந்து உறைகளைச் சரிபார்த்தேன். ஒவ்வொரு உறையிலும் பெயர் எழுதியிருந்தது. மாரிகனி. பேனா சட்டைப்பையில்தான் இருந்தது. கை போகவில்லை. நான் ஒற்றுப் போட்டது போதும் என்று உறைகளைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

கனி பார்த்துக்கொண்டிருந்தாள். திருமங்கலம் தாண்டியதும் பையைத் திறந்து, அந்த உறைகளை எடுத்து என் மடியில் வைத்தாள்.

“போடுங்க.”

“இருக்கட்டும் கனி.”

“என் பேரு எப்படி எழுதணும்னு எனக்குத் தெரியாதா? என்கிட்டக் கேட்டுட்டுப் போடுங்க.”

கேட்டேன். மாரிக்கும் கனிக்கும் நடுவில் ‘க்’ உண்டா என்று, கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக அவளிடம் கேட்டேன். உண்டு என்றாள். கார் குலுங்காத இடம் வரும்வரை காத்திருந்து போட்டேன்.